ஐப்பசி மழையும் பூனைக்குட்டியும்

ஐப்பசி பிறந்ததும் எங்கள் உசிலம்பட்டிப் பக்கத்து வீடுகளுக்கு இரண்டு விருந்தாளிகள் வருவதுண்டு. ஒன்று வடகிழக்குப் பருவமழை. மற்றொன்று, அம்மழைக்கு ஒதுங்கித் திண்ணையில் வந்து நிற்கும் பூனைக்குட்டி.

மேல்நாட்டார் இலையுதிர் காலம் என்று சொல்லும் மாதங்களை நம் முன்னோர் கூதிர்க்காலம் என்றனர். ஐப்பசியும் கார்த்திகையும் அதற்கு உரியவை. மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள எங்கள் ஊருக்கு மேற்கே மலைகள் நிற்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலையின் மறுபுறத்திலேயே பெரும்பாலும் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக இறங்கி வருகிறது. ஆகவே ஆடி, ஆவணியில் எங்களுக்குக் காற்றுதான் மிச்சம். அக்டோபர் மாத நடுவில் காற்று திசை மாறி, வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து வரும்போதுதான் கண்மாய்கள் நிறையத் தொடங்குகின்றன. அப்போது இரவு வெப்பநிலை 22, 23 பாகை செல்சியசுக்கு இறங்கும். நமக்கு அது இதமான குளிர். ஆனால் நனைந்த ஒரு பூனைக்குட்டிக்கு அதுவே உயிர்ப் பிரச்சினை. எப்படி என்று பார்ப்போம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அடைமழை பெய்த ஒரு மாலையில் என் மகள் நனைந்த குட்டி ஒன்றைக் கையில் ஏந்தி வந்தாள். அது நடுங்கிக் கொண்டிருந்தது. பசியாக இருக்கும் என்று எண்ணி, நான் உடனே கிண்ணத்தில் பால் வைத்தேன். குட்டி குடிக்கவில்லை. சிறிது பாலை வாயிலும் புகட்டினேன். "மொதல்ல அதுக்குக் கதகதப்பு வேணும்யா. பால் எங்க ஓடிப்போகுது?" என்றார் என் அப்பத்தா. நான் அதைக் காதில் வாங்கவில்லை. சிமெண்டுத் தரையில் ஒரு துணியை விரித்து அதில் படுக்கவைத்துவிட்டு உறங்கப் போனேன். விடியற்காலையில் குட்டி இறந்து கிடந்தது.

வெப்பவியலை வகுப்பில் பாடமாக நடத்துபவன் நான். அன்றிரவு அப்பாடத்தை ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்த்திருந்தால், அப்பத்தா சொன்னதே சரி என்பது விளங்கியிருக்கும். அந்தக் கணக்கைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

சிறிய உடல், பெரிய பரப்பு

ஒரு பக்கம் 2 செ.மீ. நீளமுள்ள கனசதுரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கன அளவு 8 கன செ.மீ.; ஆறு முகங்களின் மொத்தப் பரப்பு 24 சதுர செ.மீ. அதாவது ஒவ்வொரு கன செ.மீ.க்கும் 3 சதுர செ.மீ. பரப்பு. இனி, பக்கம் 1 செ.மீ. உள்ள கனசதுரத்தைப் பாருங்கள். கன அளவு 1, பரப்பு 6. இங்கே ஒவ்வொரு கன செ.மீ.க்கும் 6 சதுர செ.மீ. பரப்பு கிடைக்கிறது. உருவம் பாதியானால், அளவுக்கு ஏற்ற பரப்பு இரண்டு மடங்காகிறது என்பது இதனால் தெரிகிறது.

பூனைக்கும் இதே விதிதான். 4 கிலோகிராம் எடையுள்ள பெரிய பூனையையும், ஆறு ஏழு வார வயதில் 500 கிராம் எடையுள்ள குட்டியையும் ஒப்பிடுவோம். எடையில் எட்டில் ஒரு பங்கு என்றால் நீள அகலங்களில் ஏறத்தாழ பாதி. ஆகவே ஒவ்வொரு கிராம் உடலுக்கும் குட்டியிடம் இரண்டு மடங்கு பரப்பு இருக்கிறது. வெப்பம் உற்பத்தியாவது உடலின் உள்ளே. வெளியேறுவதோ பரப்பின் வழியே. குட்டி விரைவில் குளிர்வதற்கு முதற்காரணம் இதுவே.

பூனையின் இயல்பான உடல் வெப்பநிலை 38 முதல் 39 பாகை செல்சியஸ். நம்முடையதைவிட இது சற்று அதிகம். குளிரும் பொருள் ஒன்று வெப்பத்தை இழக்கும் வீதம், அதற்கும் சூழலுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்பது நியூட்டன் கண்ட விதி. பகலில் காற்று 32 பாகையில் இருந்தால் வேறுபாடு 6 பாகை. மழை இரவில் 22 பாகை என்றால் வேறுபாடு 16 பாகை. இழப்பும் ஏறக்குறைய இரண்டரை மடங்காகக் கூடிவிடுகிறது. பூனை தன் உடலைச் சூடாக்க எந்த முயற்சியும் செய்யாமல் சுகமாக இருக்கத்தக்க சூழல் வெப்பநிலை 30 பாகைக்கு மேற்பட்டது என்று உடலியல் ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். நமக்கு வியர்க்கும் வெயிலில் பூனை காலை நீட்டிப் படுத்திருப்பதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

தாயோடு இருக்கும்போது குட்டிகள் இந்தச் சிக்கலை எளிதாகத் தீர்த்துக்கொள்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து படுக்கின்றன. மேலே சொன்ன சிறிய கனசதுரங்கள் எட்டைத் தனித்தனியே வைத்தால் மொத்தப் பரப்பு 48 சதுர செ.மீ. அவற்றையே அடுக்கி ஒரே கனசதுரமாக்கினால் வெளிப்பரப்பு 24தான். குவியலுக்குள் வெப்ப இழப்பு பாதியாகிறது. தனியாக வீட்டுக்கு வந்த குட்டிக்கு இந்தக் குவியல் கிடையாது. அது தன்னையே பந்துபோல் சுருட்டிக்கொள்கிறது. ஒரே கன அளவுள்ள உருவங்களுள் மிகக் குறைந்த பரப்புடையது கோளம் அல்லவா? கணிதம் படிக்காமலே குட்டி அதைக் கடைப்பிடிக்கிறது.

நனைந்த உரோமத்தின் கணக்கு

உரோமம் தானாக வெப்பம் தருவதில்லை. அது தன் இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்தி வைக்கிறது. அசையாத காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி. நீர் அதைவிட 20 மடங்குக்கும் மேல் நன்றாகக் கடத்தும். மழையில் நனைந்ததும் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. போர்வை இருந்தும் இல்லாத நிலை ஏற்படுகிறது.

இதைவிடப் பெரிய இழப்பு ஆவியாதலால் வருகிறது. தோலின் வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். குட்டியின் உரோமத்தில் 20 கிராம் நீர் தங்கியிருப்பதாகக் கொள்வோம். இது நான்கு தேக்கரண்டி அளவே. இந்த நீர் முழுவதும் ஆவியாகத் தேவைப்படும் வெப்பம் 20 × 580 = 11,600 கலோரி.

குட்டியின் இருப்பில் எவ்வளவு உள்ளது? உடலின் தன்வெப்பம் ஏறத்தாழ 0.83. எனவே 500 கிராம் உடலின் வெப்பநிலை 1 பாகை குறைய, 415 கலோரி வெளியேற வேண்டும். 11,600 கலோரியும் உடலிலிருந்தே வந்தால் வெப்பநிலை 28 பாகை இறங்கிவிடும்! உண்மையில் அப்படி நடப்பதில்லை. வெப்பத்தின் ஒரு பகுதி சுற்றியுள்ள காற்றிலிருந்து வருகிறது. குட்டியின் உடலும் தொடர்ந்து வெப்பத்தை உண்டாக்குகிறது. ஆனால் கால் பங்கு மட்டும் உடலின் இருப்பிலிருந்து போனாலும் 7 பாகை இறக்கம். 38 பாகை, 31 பாகையாகிவிடும். அது உயிருக்கு ஆபத்தான நிலை.

இன்னொரு வகையிலும் கணக்கிடலாம். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் உணவின் மூலம் பெறுவது ஏறத்தாழ 100 கிலோகலோரி. அதாவது மணிக்கு 4 கிலோகலோரி சொச்சம். 11,600 கலோரி என்பது 11.6 கிலோகலோரி. ஆகவே வயிறார உண்ட குட்டிகூட, நனைந்த உரோமத்தை உலர்த்துவதற்கு மட்டும் ஏறக்குறைய மூன்று மணி நேரச் சம்பாத்தியத்தைச் செலவிட வேண்டும். பட்டினியாக வந்த குட்டி எங்கே போகும்?

இப்போது ஒரு பழைய வேட்டித் துணியை எடுத்துக் குட்டியை அழுத்தித் துடைப்போம். 20 கிராமில் 15 கிராம் நீரைத் துணி உறிஞ்சிவிட்டால் மிஞ்சுவது 5 கிராம். அதற்குத் தேவை 2,900 கலோரி. அது முக்கால் மணி நேரச் சம்பாத்தியத்துக்குள் அடங்கிவிடும். இரண்டு நிமிட வேலையில் குட்டிக்கு இரண்டு மணி நேர உழைப்பை மிச்சப்படுத்திக் கொடுத்தோம். சேறாக இருக்கிறதே என்று புதிய குட்டியைக் குளிப்பாட்டுவது ஏன் கூடாது என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

முதலில் வெப்பம், பிறகே உணவு

உடல் மிகவும் குளிர்ந்துவிட்டால் குடலின் இயக்கம் தளர்ந்துவிடும். விழுங்கும் செயலும் சரியாக நடைபெறாது. அந்நிலையில் ஊட்டிய பால் செரிக்காமல் தங்கும். மூச்சுக்குழலுக்குள் இறங்கவும் கூடும். அன்று நான் செய்த தவறு இதுதான்.

செய்ய வேண்டியது எளிது. ஓர் அட்டைப்பெட்டியை எடுங்கள். குட்டியைப்போல் இரண்டு மூன்று மடங்கு அளவிருந்தால் போதும். பெட்டி பெரிதாக இருந்தால் குட்டி சூடாக்க வேண்டிய காற்றின் அளவும் பெரிதாகும். தரைக்கும் பெட்டிக்கும் இடையே நாலாக மடித்த சாக்கு ஒன்றைப் போடுங்கள். சிமெண்டு வெப்பத்தை எளிதில் கடத்தும். சாக்கின் இழைகளுக்கிடையே உள்ள காற்று கடத்தாது. உள்ளே பழைய பருத்தித் துணிகளைத் தளர்வாக வையுங்கள். இறுக்கி மடித்தால் காற்று வெளியேறிவிடும், பயன் குறைந்துவிடும்.

ஒரு புட்டியில் வெதுவெதுப்பான நீரை நிரப்பி, மூடியை இறுக்கி, துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். மறுபக்கம் காலியாக இருக்கட்டும். சூடு மிகுந்தால் குட்டி தானே விலகிக்கொள்ள இடம் வேண்டும். நீரைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் உண்டு. பொதுவாகக் கிடைக்கும் பொருள்களுள் நீரின் தன்வெப்பம் மிக அதிகம். எனவே அது வெப்பத்தை நிறையச் சேமித்து மெதுவாக வெளியிடுகிறது. குட்டியின் காதும் பாதமும் வெதுவெதுப்பாகி, அது தலையைத் தூக்கி நகரத் தொடங்கிய பிறகு உணவு கொடுக்கலாம். அப்போதும் எழாவிட்டால் தாமதிக்காமல் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

அடுப்பில் உறங்கும் பூனை

'அடுப்பில் பூனை உறங்குகிறது' என்றால் அந்த வீட்டில் உலை வைக்கவில்லை என்று பொருள். வறுமையைக் குறிக்கும் இவ்வழக்கில் இயற்பியலும் இருக்கிறது. களிமண் அடுப்பு பகல் முழுதும் வெப்பத்தைச் சேமித்து வைக்கிறது. மேலே படிந்த சாம்பல் அரிதிற் கடத்தியாக இருப்பதால் அவ்வெப்பம் விரைவில் வெளியேறுவதில்லை. கூதிர்க்கால இரவில் வீட்டிலேயே மிக இதமான இடம் அதுதான். ஆனால் சாம்பலுக்கடியில் தணல் இருக்கக்கூடும் என்பதால் குட்டியை அங்கே விடக்கூடாது.

இன்று பல வீடுகளில் விறகடுப்பு இல்லை. குட்டியோ வெப்பம் உள்ள இடத்தைத் தேடுவதை விட்டுவிடவில்லை. குளிர்சாதனப் பெட்டி உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே விடுகிறது. ஆகவே அதன் பின்புறம் குட்டிக்குப் பிடிக்கும். சற்றுமுன் ஓட்டி நிறுத்திய கார் அல்லது ஆட்டோவின் எஞ்சின் பகுதியும் அத்தகைய இடமே. மழைக்காலக் காலைகளில் வண்டியைக் கிளப்புமுன் மேலே இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்லது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடிப் புட்டிகளும், அவற்றில் பாதி அளவுள்ள ஒரு புட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கிலும் 45 பாகை அளவுள்ள வெந்நீரை நிரப்புங்கள். முதல் புட்டியை உலர்ந்த துணியாலும், இரண்டாவதை நீர் சொட்டும் துணியாலும், மூன்றாவதை நனைத்து நன்கு பிழிந்த துணியாலும் சுற்றுங்கள். சிறிய புட்டிக்கு உலர்ந்த துணி. நான்கையும் காற்றோட்டமான தாழ்வாரத்தில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள். பள்ளி ஆய்வகத்தில் உள்ள வெப்பமானி வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்குப் பயன்படாது. அரை மணி நேரத்துக்குப் பின் நான்கு வரைகோடுகளையும் ஒரே தாளில் வரையுங்கள். சிறிய புட்டி, பெரிய உலர்ந்த புட்டியைவிட விரைவாகக் குளிர்வதையும், ஈரத்துணி புட்டியின் வெப்பத்தை எப்படிப் பறிக்கிறது என்பதையும் நேரில் காண்பீர்கள்.

எது எரிபொருள்?

வெப்பத்துக்கு எரிபொருள் உணவு. பூனைக்கு உணவு பால் என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். தாய்ப்பாலை மறந்த பின்னர், பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி பூனையின் குடலில் குறைந்துவிடுகிறது. ஆகவே பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். சிறிய உடலிலிருந்து நீர் வெளியேறுவது குளிரைப் போலவே கொடியது.

பூனை ஊனுண்ணி. டாரின் என்னும் பொருளை மற்றப் பல விலங்குகள் தம் உடலிலேயே தேவையான அளவு ஆக்கிக்கொள்ளும். பூனையால் அது முடியாது. இறைச்சி, மீன் ஆகியவற்றிலிருந்தே பெற வேண்டும். டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதைகிறது என்பது 1975ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில் தெரியவந்தது. ஆகவே சோறு மட்டும் போட்டு வளர்ப்பது பூனைக்கு நன்மை செய்வதாகாது. முள் நீக்கி வேகவைத்த மீன், பிசைந்த அவித்த முட்டை, மசாலா சேர்க்காத கோழி இறைச்சி ஆகியவற்றைச் சிறிது சிறிதாக, ஒரு நாளில் நான்கைந்து முறை கொடுக்கலாம். பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். இயன்றவரை எட்டு வாரம் ஆகும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள்.

தீபாவளி இரவு

ஐப்பசியில் வந்த குட்டிக்கு அடுத்த சோதனை தீபாவளி. மனிதச் செவி 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பூனையின் செவி 85,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். எலிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் நுண்ணொலியைப் பிடிப்பதற்கு அமைந்த செவி அது. அதன் அருகே அணுகுண்டு வெடியை வைத்தால் என்ன ஆகும்?

வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் பட்டாசுகளுக்கு இந்திய விதிகள் தடை விதிக்கின்றன. தடையற்ற வெளியில் தொலைவு இரண்டு மடங்கானால் ஒலிச்செறிவு நான்கில் ஒன்றாகும். அதாவது 6 டெசிபல் குறையும். 8 மீட்டரில் 119, 16 மீட்டரில் 113, 32 மீட்டரில் 107. இருபுறமும் சுவர் உள்ள தெருவில் எதிரொலியால் இந்த அளவுகூடக் குறையாது. ஆகவே அன்று குட்டியைத் தெருவிலிருந்து விலகிய உள்ளறையில், கதவு சன்னல்களைச் சாத்தி, அதன் பெட்டியோடு விட்டுவிடுங்கள். கட்டிலுக்கடியில் ஒளிந்தால் இழுத்து வெளியே எடுக்க வேண்டாம். அச்சம் தெளிந்ததும் தானே வரும்.

நகக்கீறல் சிறியதல்ல

இறுதியாக, விளையாட்டாக எண்ணக்கூடாத ஒரு செய்தி. வெறிநோய் நாயினால் மட்டும் வருவதன்று. நோயுற்ற பூனையின் கடியாலும் கீறலாலும் வரும். நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத செயல். அறிகுறி தோன்றும் முன் காப்பாற்றுவதோ எளிது. 1885ஆம் ஆண்டு லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்குத் தடுப்பு மருந்து செலுத்தி இதைக் காட்டினார். நம் குன்னூரில் 1907இல் நிறுவப்பட்ட பாஸ்டர் நிலையம் இம்மருந்துக்காகவே தோன்றியது.

எங்கிருந்தோ வந்த குட்டி கடித்தாலோ, கீறினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். இந்நோய்க் கிருமியைச் சுற்றிக் கொழுப்பாலான உறை ஒன்று உண்டு. சோப்பு அவ்வுறையைக் கரைத்துக் கிருமியைச் செயலிழக்கச் செய்கிறது. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது. கழுவிய கையோடு அரசு மருத்துவமனைக்குச் சென்று, அவர்கள் சொல்லும் நாட்களில் தவறாமல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் அதற்கும் தடுப்பூசி போட வேண்டும். பிள்ளைகள் திட்டுக்குப் பயந்து கீறலை மறைப்பதுண்டு. எனவே, 'கீறினால் திட்டமாட்டோம், உடனே சொல்' என்று முன்கூட்டியே அவர்களிடம் சொல்லி வைப்பது பெரியவர்களின் கடமை.

சென்ற ஐப்பசியில் மீண்டும் ஒரு குட்டி எங்கள் திண்ணைக்கு வந்தது. இம்முறை பால் கிண்ணத்தை நான் தொடவில்லை. என் மகள் துண்டால் துடைத்தாள்; நான் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றினேன். ஒரு மணி நேரத்துக்குப் பின் பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய குரல் கேட்டது. பிசைந்த முட்டையைக் கொண்டுபோய் வைத்ததும் முகத்தைக் கிண்ணத்துக்குள் புதைத்துக்கொண்டது. "இப்பத்தான் படிச்ச புள்ள மாதிரி செஞ்சிருக்க" என்றார் அப்பத்தா.

அந்தக் குட்டி இப்போது வளர்ந்த பூனையாகிவிட்டது. மழை இரவுகளில் இன்றும் அதே அட்டைப்பெட்டிக்குள் தன்னைச் சுருட்டிக்கொண்டுதான் உறங்குகிறது. பெட்டிதான் அதற்குச் சற்றுச் சிறியதாகிவிட்டது.